ஜன்னல் இல்லாத அறையும் எதிர் அறையின் பால்கனியும்

“ஜன்னல் இல்லாத ரூமுல எப்படிடா தூங்கறது? அரிசி குடோன் மாதிரில்ல இருக்கும்!”

கும்பகோணத்திலிருந்து வீடியோ காலில் அம்மா இப்படிக் கேட்டபோது, அலாஸ்கா க்ரூஸுக்கு நான் முன்பணம் கட்டி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அடுத்த கோடைக்கு அம்மாவும் அப்பாவும் சியாட்டில் வருவதாக இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் கப்பல்துறை. விமானம் ஏற வேண்டாம், ஏழு இரவு, சாப்பாடு தங்கல் எல்லாம் கப்பலிலேயே. ஆளுக்கு ஆயிரம் டாலர் சுமாரில் இரண்டு உள் அறைகள் போட்டிருந்தேன். ஒன்று எனக்கும் மனைவிக்கும் ஒன்பது வயது மகளுக்கும், இன்னொன்று பெரியவர்களுக்கு. உள் அறை என்றால் கப்பலின் வயிற்றுக்குள் இருப்பது. நாலு பக்கமும் சுவர். விளக்கை அணைத்தால் நீட்டிய கை தெரியாது.

“பால்கனி வச்ச ரூம் எவ்வளவு?” என்று அப்பா பின்னாலிருந்து கேட்டார். சொன்னேன்.

“அப்ப குடோனே போதும்” என்றார்.

எனக்கும் அன்றைக்கு அதுதான் முடிவு. காரணம் சிக்கனம் மட்டும் இல்லை. கப்பலில் அறையை அப்கிரேடு செய்யப்போய் ஏற்கெனவே ஒருமுறை சூடு பட்டவன் நான்.

மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது, மாமியார் ஊரிலிருந்து வந்திருந்த தைரியத்தில் அவளை அவரிடம் விட்டுவிட்டு, நானும் மனைவியும் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மெக்ஸிகோவின் என்செனாடா வரை போய்வரும் நான்கு இரவுக் கப்பலில் போனோம். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. கீழ்த்தளத்தில், கப்பலின் நட்ட நடுவில், ஓர் உள் அறையை நானே வரைபடம் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தேன். கிளம்புவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது மின்னஞ்சல் வந்தது. நீங்கள் பால்கனி அறைக்கு மாற ஏலம் கேட்கலாமே என்று.

இப்போது பல நிறுவனங்களில் இந்த ஏலம் இருக்கிறது. ராயல் கரீபியனில் ராயல்அப், செலிப்ரிட்டியில் மூவ்அப், நார்வீஜியனில் அப்கிரேட் அட்வான்டேஜ் என்று ஆளுக்கொரு பெயர். நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். திரையில் ஒரு பட்டை இருக்கும், அதை நகர்த்த நகர்த்தப் பக்கத்தில் ஒரு முள் சிவப்பிலிருந்து பச்சைக்குப் போகும். சிவப்பில் நிறுத்தினால் நம்மைப் பார்த்து அது இளக்காரமாகச் சிரிப்பது போலவே இருக்கும். நான் 90 டாலரில் நிறுத்தினேன். அந்தத் தொகை ஒரு ஆளுக்கு என்று சின்ன எழுத்தில் போட்டிருந்ததைப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கு 180. தனியாகப் போகிறவரும் பெரும்பாலும் இரண்டு ஆள் காசைத்தான் கட்ட வேண்டும் என்பது பிறகு தெரிந்துகொண்டது. கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது ஏலம் எடுபட்டது. அட்டையில் காசு போனது. எடுபட்ட பிறகு வேண்டாம் என்று சொல்ல முடியாது.

நாகப்பட்டினத்தில் மீன் ஏலம் பார்த்திருக்கிறேன். கூடைக்குள் என்ன மீன், எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார்கள். கப்பல் ஏலத்தில் கூடையை மூடி வைத்திருப்பார்கள். பால்கனி என்ற வகைதான் நாம் கேட்பது. எந்தத் தளம், எந்த மூலை என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது கப்பலின் மூக்கு நுனியில், நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே ஓர் அறை. இரவு முழுக்க மூக்கு ஏறியது, இறங்கியது. மனைவி குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு மேல்தளத்தில் சாய்வு நாற்காலிகளை வரிசைப்படுத்த ஆரம்பித்தார்கள். நாற்காலிக் கால்கள் தலைக்கு மேலேயே தரதரவென்று இழுபட்டன. பகலில் ஊர் சுற்றப் போய்விடுவோம், இல்லாவிட்டால் குளத்தில் கிடப்போம். நான்கு நாளில் அந்த பால்கனி எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால், நீச்சல் உடை காயப்போட. அதுவும் ஒருமுறை காற்றில் போயிற்று.

“நூத்தியெண்பது டாலர் குடுத்து ஒரு நல்ல ரூமை வித்துட்டு வந்திருக்கீங்க” என்றாள் மனைவி, மூன்றாம் நாள் கொஞ்சம் கஞ்சி போல எதையோ குடித்த பிறகு. இத்தனை வருடத்தில் இந்த விஷயத்தைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

கப்பல் நிறுவனம் அறைகளை வரிசைப்படுத்துவது ஜன்னல் இருக்கிறதா, பால்கனி இருக்கிறதா, எத்தனை சதுர அடி என்பதை வைத்து. உள் அறை, கடல் பார்த்த ஜன்னல், பால்கனி, அதற்கும் மேலே சூட் என்கிற பெரிய சொகுசு அறை. அந்த வரிசையில் தூக்கத்துக்கும் வயிற்றுக்கும் இடமே இல்லை. ஆனால் கடலுக்கு அந்த விலைப்பட்டியல் தெரியாது. அலையில் கப்பல் சீசா பலகை மாதிரி ஆடும். இரண்டு முனையும் ஏறி இறங்கும், நடுப்பகுதி அச்சு போல அதிகம் அசையாமல் நிற்கும். பக்கவாட்டில் சாய்ந்து ஆடும்போது மேலே போகப் போக வீச்சு அதிகம். இதற்காகப் பெரிய கப்பல்களின் அடியில் இருபுறமும் துடுப்பு போல நீளும் இறக்கைகள் வைத்திருக்கிறார்கள். அவை பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும், முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை ஒன்றும் செய்யாது. ஆக, காசு குறைவாகக் கொடுத்துக் கீழே நடுவில் படுப்பவர்தான் பல நேரம் நன்றாகத் தூங்குகிறவர்.

இதை அப்பாவிடம் விளக்க வேண்டியே இருக்கவில்லை. முப்பது வருடம் கும்பகோணம் டிப்போவில் கண்டக்டராக இருந்தவர். “கடைசி சீட்டுல ஒக்காந்து வந்தவனுக்குத் தெரியாதா? நடுவுல, ரெண்டு சக்கரத்துக்கும் மத்தியில போடு” என்றார். கப்பலின் தளவாரி வரைபடத்தை அனுப்பியிருந்தேன். அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிதாக அச்செடுத்து, ஸ்கெட்ச் பேனாவால் குறித்து, அந்தத் தாளைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பினார். எட்டாம் தளத்தில் நடுவில் ஒரு வட்டம். லிஃப்டை ஒட்டி இல்லை, அம்மாவின் முட்டிக்கு வெகு தூரமும் இல்லை.

“மேலயும் கீழயும் ஆளுங்க தூங்கற இடமாப் பாத்து எடுத்திருக்கேன். ஆறாம் மாடியில ஒரு எடம் ஒண்ணுமே போடாம வெள்ளையா விட்டிருக்கான், அது என்ன?”

அந்த வெள்ளை இடங்கள் பெரும்பாலும் சமையல்கூடம், சரக்கறை, ஊழியர்கள் நடமாடும் பகுதி. வரைபடத்தில் காட்ட மாட்டார்கள், காதுக்கு மட்டும் தெரியும். அதே போல நாடக அரங்குக்கும் நடனக் கூடத்துக்கும் மேலே உள்ள அறைகள் நள்ளிரவு வரை அதிரும். கீழ்த்தளத்தில் முன்பக்க அறைகளில், கப்பல் துறைமுகத்தில் ஒதுங்கும்போது பக்கவாட்டில் தள்ளும் உந்துவிசிறிகளின் உறுமல் விடியற்காலையிலேயே எழுப்பிவிடும். நங்கூரம் போடுகிற ஊர் என்றால் சங்கிலிச் சத்தம் வேறு.

“டிப்போவுல ஒர்க்‌ஷாப் பக்கம் ரெஸ்ட் ரூம் குடுத்த மாதிரி” என்று அப்பா புரிந்துகொண்டார்.

சரி, அப்புறம் எதற்காக பால்கனி எடுத்தேன்? அம்மாவின் குடோன் பேச்சுக்காக இல்லை. (ஒரு சமாதானத்துக்கு, 2014-ல் வந்த குவாண்டம் ஆஃப் த சீஸ் கப்பலில் உள் அறைச் சுவரிலேயே பெரிய திரை வைத்து வெளியே தெரியும் கடலைக் காட்டுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். “டிவியில பாக்கறதுக்கு எதுக்குடா கப்பல்ல போகணும்?” என்று அதை ஒரே வரியில் முடித்துவிட்டார்.) எங்கள் பயண அட்டவணையை மறுபடி உட்கார்ந்து படித்தபோதுதான் மனம் மாறியது.

மெக்ஸிகோ பயணத்தில் கப்பல் என்பது ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கூட்டிப்போகிற பேருந்து. இறங்கினால்தான் பார்ப்பதற்கு எதுவும் உண்டு. அலாஸ்காவில் அப்படி இல்லை. ஜூனோ, ஸ்கேக்வே, கெட்சிகன் என்று இறங்கும் ஊர்கள் இருந்தாலும், அந்தப் பயணத்தின் உச்சம் கிளேசியர் பே என்கிற பனியாற்று விரிகுடா. அங்கே யாரும் இறங்குவதில்லை. காலையில் தேசியப் பூங்கா ரேஞ்சர்கள் சின்னப் படகில் வந்து கப்பலில் ஏறிக்கொள்வார்கள். நாள் முழுக்கக் கப்பல் மெல்ல உள்ளே போய்த் திரும்பும். 1794-ல் பிரிட்டிஷ் மாலுமி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது அந்த விரிகுடாவே கிடையாது, வாயிலேயே பனிச்சுவர் மறித்துக்கொண்டு நின்றது. அதன்பின் பனி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. அந்த 100 கிலோமீட்டரும்தான் நாம் பார்க்கிற காட்சி, இருபுறமும். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணக் கப்பல்களுக்கு மேல் உள்ளே விடுவதில்லை.

அன்றைக்கு எல்லோரும் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று வரிசையாக நிற்பார்கள். ஜூன் மாதத்திலும் பனிமலையிலிருந்து அடிக்கிற காற்று எலும்புக்குள் போகும். கும்பகோணத்து மார்கழிக்கே மஃப்ளர் கட்டுகிற அம்மா, அந்த முட்டியோடு எத்தனை நேரம் அங்கே நிற்பார்? பத்து நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அதை நினைத்ததும் கணக்கு மாறிவிட்டது. வெளிச்சம் இருக்கிற நேரத்தில் அறைக்குள் எத்தனை மணி இருப்போம், அப்போது வெளியே பார்க்க என்ன இருக்கும் என்பதுதான் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எனக்கும் மகளுக்கும் அந்த நேரம் சொற்பம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நிறைய.

எங்களுக்கு எதற்கு பால்கனி? அப்படி யோசித்தபோதுதான் சின்னத் தந்திரம் ஒன்று அகப்பட்டது. பெரிய கப்பல்களில் நீளமான நடைபாதையின் ஒரு பக்கம் பால்கனி அறைகள், நேர் எதிரே உள் அறைகள். அவர்களை பால்கனிக்கு மாற்றிவிட்டு நாங்கள் எதிர் உள் அறையில் இருந்துகொண்டால், ஒரு பால்கனி காசில் ஐந்து பேர் குடியிருக்கலாம். எதிர் வீட்டில் டிவி இருந்தால் தெருவே ஒளியும் ஒலியும் பார்த்த ஊர்க்காரனுக்கு இது தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எந்தப் பக்கம் எடுப்பது என்று நண்பர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வான்கூவரில் ஏறி வடக்கே போய் அங்கேயே இறங்கிவிடுகிற ஒருவழிப் பயணம் என்றால் வலப்பக்கம் கரையைப் பார்த்திருக்கும், அதற்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் உண்டு. சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குகிறவர்களுக்குப் போகும்போது ஒரு கரை, வரும்போது மறு கரை. பனியாற்றின் முன்னால் கப்பலையே திருப்பிக் காட்டுவார்கள். அதில் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

எப்போது மாற்றுவது என்பதில்தான் பொறுமை வேண்டியிருந்தது. அமெரிக்காவில் க்ரூஸ் முழுப் பணத்தையும் கட்டக் கடைசித் தேதி என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் கிளம்புவதற்கு 90 நாள் முன்பு, சில நிறுவனங்களில் 120. அதற்கு முன்னால் பெரும்பாலான டிக்கெட்டுகளை அபராதம் இல்லாமல் மாற்றலாம். விலை குறைந்தால் குறைந்த விலையைக் கேட்கலாம். முக்கியமாக, இந்த எண் அறைதான் வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். அந்தத் தேதி நெருங்கும்போது அரைமனதாக முன்பணம் கட்டி வைத்திருந்தவர்கள் கழன்றுகொள்வார்கள். அறைகள் திரும்பி வரும், விலை ஆடும். ஞாயிற்றுக்கிழமை இரவுதோறும் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு விலை பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. முதலில் உள் அறைக்கும் பால்கனிக்கும் ஆளுக்கு 650 டாலர் வித்தியாசம். நடுவில் 700 ஆனது. மனைவி “அன்னைக்கே போட்டிருக்கலாம்” என்று ஆரம்பித்தாள். கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது 380-க்கு வந்தது.

மறுநாள் காலை போன் போட்டேன். எதிர்முனையில் பேசிய பெண் இதைவிட மலிவாகத் தருகிறேன் என்றாள். பால்கனி நிச்சயம், ஆனால் எந்த அறை என்பதைக் கப்பல்காரர்களே பின்னால் ஒதுக்குவார்கள். மூடிய கூடை! வேண்டாம் என்றேன். இன்னொன்று காட்டினாள், நடுவில்தான், எட்டாம் தளம்தான், ஆனால் பால்கனிக்கு முன்னாலேயே உயிர்காப்புப் படகு தொங்கும். எழுநூற்று அறுபது டாலர் கொடுத்து ஆரஞ்சு நிறப் படகைப் பார்க்கவா? அப்பாவின் ஸ்கெட்ச் பேனா வட்டத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, அந்த எண்ணைச் சொல்லி, எதிர் உள் அறை எண்ணையும் சொல்லி, இரண்டும் வேண்டும் என்றேன். இருபது நிமிடம் இசை கேட்க வைத்தாள். கிடைத்தது.

(அறையைவிட அதிகம் அலையவைத்தது கனடா விசா. அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி அமெரிக்கத் துறைமுகத்திலேயே இறங்குகிற வெளிநாட்டுக் கொடிக் கப்பல், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். 1886-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்காகவே கடைசி மாலை கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிறுத்துகிறார்கள். அந்தச் சில மணி நேரத்துக்காக இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரு முழு விசா. ஊரிலிருந்து பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் அறையைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதை யோசியுங்கள்.)

ஏல மின்னஞ்சல்கள் அதன் பிறகுதான் வர ஆரம்பித்தன. எங்கள் உள் அறையை பால்கனியாக்கலாம், அவர்கள் பால்கனியைச் சூட் ஆக்கலாம் என்று வாரம் ஒன்று. மனைவிக்கே சபலம் தட்டியது. “பாப்பாவுக்குக் காசு இல்லையாம், நம்ம ரெண்டு பேருக்கு மட்டுந்தானாம். கம்மியாப் போட்டுப் பாப்பமா?” என்றாள். எடுபட்டால் எதிர் அறையை விட்டு எந்த மூலைக்குப் போவோமோ? ராத்திரி அம்மாவுக்கு ஒன்றென்றால் மூன்று மாடி ஏறி ஓடுவதா? ரயிலில் டிக்கெட் போடும்போது தானாக அப்கிரேடு செய்யலாமா என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் அப்பா டிக் அடித்ததே கிடையாது. காரணம் கேட்டால், “ஏசி குடுப்பான், லோயர் பெர்த்தைப் புடுங்கிக்குவான்” என்பார். அவள் மெக்ஸிகோவை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, அதற்கப்புறம் கேட்கவில்லை.

ஜூன் மூன்றாம் வாரம் கிளம்பினோம். பாதுகாப்புச் சோதனையில் அம்மாவின் எலெக்ட்ரிக் கெட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள், சூடாக்கும் சாதனம் எதற்கும் அனுமதி இல்லையாம். அந்தக் கோபம் இரண்டு நாள் இருந்தது. சியாட்டிலிலிருந்து போகிற பெரிய கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளிப்புறம், திறந்த பசிபிக்கில் போகும். முதல் இரவும் மறுநாளும் அலை இருந்தது. காலையில் உணவுக்கூடத்தில் முன்பக்க அறைக்காரர்கள் முகம் வெளுத்து, பச்சை ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா இஞ்சி மரப்பா டப்பாவோடு வந்து, ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டிக்கும் இரண்டு கொடுத்தார். அம்மாவுக்கு அது தேவைப்படவே இல்லை.

கிளேசியர் பே அன்று காலை எட்டு மணியிலிருந்து எதிர் அறைதான் எங்கள் வீடு. பால்கனியில் இரண்டே நாற்காலி, ஐந்து பேர். அம்மா கம்பளிக்குள் சுருண்டு ஒன்றில் உட்கார்ந்தவர் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. மார்ஜரி பனியாறு ஏறத்தாழ ஒரு மைல் அகலத்துக்கு நீல நிறத்தில் எதிரே நின்றது. கப்பல் இயந்திரத்தை அடக்கி நின்றபோது முதலில் சத்தம்தான் வந்தது. அந்த மண்ணின் டிலிங்கிட் மக்கள் அதை வெள்ளை இடி என்கிறார்கள். சத்தம் காதில் விழுந்து திரும்புவதற்குள் சுவரின் ஒரு துண்டு தண்ணீருக்குள் போயிருந்தது. மகள் “அப்பாயி, அங்க பாருங்க, அங்க!” என்று கத்த, அம்மா பார்த்தது இரண்டாவது துண்டை. கொஞ்ச நேரம் மேல்தளத்துக்கும் போய்ப் பார்த்தேன். அங்கே பரந்து விரிந்து தெரிந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் பத்து நிமிடத்தில் மூக்கு மரத்துப்போய்க் கீழே வந்துவிட்டேன்.

நான் போடாத கணக்கு ஒன்று இருந்தது. அந்த வாரம் ஜூனோவில் சூரியன் மறைவதே இரவு பத்து மணிக்கு மேல். உதிப்பது நாலு மணிக்குச் சற்று முன்னால். அப்பாவோ நாலு மணிக்கு எழுகிற ஆள். எழுந்ததும் திரையை விலக்கிவிடுவார், வெயில் நேராக அம்மாவின் முகத்தில் விழும். இரண்டு ராத்திரி பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் இரவு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் கதவைத் தட்டினார்.

“நான் பாப்பாகிட்டப் படுத்துக்கறேன். நீ போயி உங்கப்பாவோட படு. அந்த ரூமுல மனுசன் தூங்க முடியுமா?”

“இது குடோனும்மா.”

“இருக்கட்டும். குடோன்லதான் இருட்டா இருக்கு.”

மீதி நான்கு இரவும் அப்படித்தான். அம்மா ஜன்னல் இல்லாத அறையில் ஏழு மணி வரை குறட்டை விட்டுத் தூங்கினார். நான் அப்பாவோடு பால்கனி அறையில் படுத்து, தினமும் நாலு மணிக்கு எழுப்பப்பட்டேன். மேலே போய்க் கடுங்காபி இரண்டு பிடித்துக்கொண்டு வருவேன். அவர் மஃப்ளரைக் காதோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பார். நடத்துநர்கள் படியில் நிற்கிற அதே நிலை.

“இந்தக் கப்பல்ல எத்தன ட்ரைவருடா?” என்று ஒருநாள் கேட்டார்.